கேள்வியைத் திருப்பிக் கேட்ட வருஷம்

என் மகள் வகுப்பில் முதல் ரேங்க்கா, கடைசி ரேங்க்கா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. அவளுடைய பள்ளிக்கூடத்தில் ரேங்க் கிடையாது. மார்க்கும் கிடையாது. ஆறாம் வகுப்பு முடிந்தபோது ஒரு தாள் கொடுத்தார்கள். உங்கள் மகள் துணிந்து இறங்கும் பழக்கத்தை வளர்த்துக்கொண்டு வருகிறாள் என்று அதில் போட்டிருந்தது. பெண் பிள்ளை எதில் இறங்கினாள், எங்கே இறங்கினாள் என்று நான் பதறிப் போனேன். ஓடையிலா, கிணற்றிலா? உடனே வகுப்பு ஆசிரியைக்குப் போன் போட்டேன். அது பாராட்டுதான் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பாராட்டைக்கூட ஒருவர் விளக்கிச் சொன்னால்தான் புரியும் என்கிற நிலைமைக்கு நான் வந்து சேர்ந்திருந்தேன்.

நாங்கள் போளூரில் இருக்கிறோம். கணவருக்குக் கடைவீதியில் மோட்டார், பைப் கடை. மத்தியானம் வரை நானும் கல்லாவில் உட்காருவேன். நான் படித்ததெல்லாம் மனப்பாடம். கேள்விக்குக் கீழே பதில் இருக்கும். விடியற்காலையில் எழுந்து அதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திப் படித்தால் மார்க் வரும். வந்தது, நல்ல மார்க்கே வந்தது. அதில் இப்போது என்ன ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வந்துவிடும்.

மகளின் பள்ளிக்கூடம் ஜவ்வாது மலைமேல் இருக்கிறது. வெளிநாட்டுப் பாடமுறை. ஆறிலிருந்து எட்டு வரைதான் வகுப்புகள். பாடப்புத்தகம் என்று தனியாக ஒன்று இல்லை. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் அதன் பின்னாலேயே வாரக்கணக்கில் சுற்றுவார்கள். மலைக்கிராமத்துப் பிள்ளைகள் கட்டணம் இல்லாமல் அங்கேயே விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். எங்களைப் போன்ற கீழ்நாட்டுக்காரர்களின் பிள்ளைகள் வேனில் மலையேறிப் போய் வருகிறார்கள். அவளை அங்கே சேர்த்தது என் கணவர். அந்தப் பள்ளிக்குப் பைப் போடப் போனவரைப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது, மோட்டார் நின்றால் ஏறின தண்ணீர் என்ன ஆகும் என்று கேட்டுத் தள்ளிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து மனுஷன் மயக்கம் தெளியாமல் உட்கார்ந்திருந்தார்.

"என் பேச்ச இவ்ளோ நேரம் யாரும் காது குடுத்துக் கேட்டதே இல்ல, தெரியுமா?" என்றார். அதிலிருந்த குத்தலை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஏழாம் வகுப்பு தொடங்கியதும் பெற்றோர் கூட்டம் நடந்தது. பிள்ளைகள் வீட்டில் கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லிவிடக் கூடாது என்று ஆசிரியை சொன்னார். "நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிக் கேட்க வேண்டுமாம். அவர்களாகவே தேடிக் கண்டுபிடித்தால்தான் அது மனத்தில் நிற்குமாம். பின் வரிசையில் இருந்த மலைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"எங்களுக்குத்தான் பதிலே தெரியாதுங்களே மேடம். அப்ப நாங்க சரியாத்தான் வளத்துக்கினு கீறோம்" என்றார். கூட்டமே சிரித்தது, ஆசிரியையும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்று சொன்னால் அதை அப்படியே செய்வதில் சின்ன வயதிலிருந்தே எனக்கு முதல் ரேங்க். அன்று ராத்திரிச் சாப்பாட்டிலிருந்தே ஆரம்பித்துவிட்டேன்.

"அம்மா, மேல பனி எறங்குது, நம்ம ஊர்ல ஏன் எறங்க மாட்டேங்குது?"

"நீ இன்னா நெனைக்கிற?"

அவள் யோசித்தாள். மலையின் உயரம், மரம், காற்று என்று தனக்குத்தானே என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். தட்டில் சோறு காய்ந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. உள்ளதைச் சொன்னால், வசதியாகவும் இருந்தது. பனி ஏன் இறங்கவில்லை என்று எனக்கும்தான் தெரியாது. கொஞ்ச நாளில் அந்த வார்த்தை வீடு முழுக்கப் பரவிவிட்டது. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று நான் கேட்டால், "நீ இன்னா நெனைக்கிற?" என்று கணவர் கிண்டல் செய்வார்.

அந்த வருஷம் அவர்கள் வகுப்பு எடுத்துக்கொண்டது ஒரு புளியமரம். காட்டு ஓரத்தில் நிற்கிற புளியமரம் யாருக்குச் சொந்தம் என்பதுதான் கேள்வி. நட்டவருக்கா, நிலத்துக்காரருக்கா, உலுக்குகிறவருக்கா, ஃபாரஸ்ட்டுக்கா? முதல் வாரம் முழுக்க அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதிலேயே போயிற்று. கேள்வியை எழுதுவார்களாம், அடிப்பார்களாம், மறுபடியும் எழுதுவார்களாம். கேள்வி எழுதவே ஒரு வாரம் என்றால் பதில் எழுத என் மகளுக்குக் கல்யாண வயது வந்துவிடும் என்று கணவரிடம் சொன்னேன். அப்புறம் மலைமேலேயே இருக்கிற நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஜீப்பில் போய் வீடு வீடாக விசாரித்தார்கள். என் மகளோடு சேர்ந்து விசாரித்தவள் அதே ஊர்ப் பெண், அவளுடைய வகுப்புத் தோழி. இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே உயரம். என் மகள் வாயைத் திறந்தால் மூடமாட்டாள். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசினால் அதிகம். எப்படி ஒட்டிக்கொண்டார்களோ, ஒட்டிக்கொண்டார்கள். சனி, ஞாயிறு வந்தால் என் மகள் அவள் பேச்சாகவே இருப்பாள்.

பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்த என் அண்ணன் காதில் இந்தப் புளியமரக் கதை விழுந்தது. அவர் அமிர்திப் பக்கம் இருக்கிறார். கவர்மென்ட் வேலை. தாய்மாமன் என்பதால் எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு எப்போதும் ஒரு தனி எடை உண்டு. மகளைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்திக்கொண்டார்.

"நீர் சுழற்சின்னா இன்னா, சொல்லு பாக்கலாம்."

"எந்த எடத்துத் தண்ணி மாமா? மலைமேல இருக்கிறதா, நம்மூர்ல இருக்கிறதாங்க?"

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "டெஃபனிஷன் கேட்டா எடம் கேக்குது இந்தப் பொண்ணு. நாளைக்கு நீட்டுல போய் எந்த எடம்னு கேட்டா சீட்டு குடுப்பானா? ஒரு வருஷமா புளியமரத்த சுத்தி வர்றதுக்கு ஃபீஸ் கட்டிக்கினு கீறீங்க."

வேலூர் ரோட்டில் ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது என்றார். எட்டாம் வகுப்பிலிருந்தே நுழைவுத் தேர்வுக்குப் பிழிந்து எடுப்பார்களாம். அவருக்குத் தெரிந்தவர் அங்கே இருப்பதால் ஒரு சீட்டுக்குச் சொல்லியும் வைத்துவிட்டார். கோடை லீவு முடிவதற்குள் நாங்கள் பதில் சொல்ல வேண்டும்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. காலையில் ஒரு முடிவு எடுப்பேன், சாயங்காலம் அது மாறிவிடும். கடைக்கு வருகிற யாராவது தன் பிள்ளை இத்தனை மார்க் என்று சொன்னால் உடனே அண்ணனுக்குப் போன் போடத் தோன்றும். எல்லாப் பிள்ளைகளும் ஓடும்போது என் பெண் மட்டும் ஓரமாக நின்று, ஏன் ஓட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பாள் என்று பயமாக இருக்கும். அதே பெண் சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி, புளி உலுக்குகிறவர்கள் கிளைக்குக் கிளை எப்படிப் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள் என்று கண் விரியச் சொல்வாள். என்னைப் போல் கத்திப் படிக்க இவளை அனுப்பவா என்று அப்போது மனசு அடித்துக்கொள்ளும். இரண்டும் எனக்கு நிஜமாகவே தோன்றின. அதுதான் தொல்லை.

கணவரிடம் கேட்டேன். "நீ சொன்னா சரி" என்றார். இங்கேயே படிக்கட்டும் என்றேன். "சரி." இல்லை, மாற்றிவிடலாம் என்றேன். "அதுவும் சரிதான்." இந்த மனுஷனோடு சண்டை போடக்கூட ஒரு பிடிமானம் கிடைக்காது.

வேனில் ஏறி மலைக்கே போய் வகுப்பு ஆசிரியையைப் பார்த்தேன். "மிஸ், என் பொண்ணு இங்கியே படிக்கட்டுமா, மாத்திடட்டுமா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க" என்றேன். அவர் எனக்கு டீ கொடுத்து, எதிரில் நிதானமாக உட்கார்ந்து, "நீங்க என்ன நினைக்கிறீங்கம்மா?" என்றார். அந்த டீ கிளாஸை நான் கீழே போட்டு உடைக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

இதற்கு நடுவில் மகளும் கேட்கத் தொடங்கியிருந்தாள். அண்ணன் போனில் பேசுவது அவள் காதில் விழுந்திருக்கும். "அம்மா, அடுத்த வருஷம் நான் இந்த இஸ்கூல்தானா?" என்பாள். எனக்கே தெரியாத விஷயம். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நீ இன்னா நெனைக்கிற?" என்பேன். கொஞ்ச நேரம் நிற்பாள், அப்புறம் போய்விடுவாள். அவள் யோசிக்கப் போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். சில வாரம் கழித்து அவள் கேட்பது நின்றுபோனது. ஒரு தொல்லை விட்டது என்றிருந்தேன். அந்தத் தோழியைப் பற்றிய பேச்சும் நின்றுபோனது. அதை நான் கவனிக்கவே இல்லை.

சித்திரை பிறந்தது. அண்ணன் நெருக்கினார். கடைசியில் அம்மன் கோயிலில் பூப்போட்டுக் கேட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். வீடு வாங்குவதா, பெண் கொடுப்பதா என்று எதற்கும் எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் வைப்பார்கள். நினைத்ததை மனத்தில் வைத்துக் கும்பிட வேண்டும். விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். அம்மனாவது என்னைத் திருப்பிக் கேட்கமாட்டாள் என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூன்று பேரும் கடை வண்டியில் போனோம். மலையடிவாரத்தில் இருக்கிறது கோயில். அண்ணன் முன்பே வந்து காத்திருந்தார். பூசாரி பொட்டலங்களை வைத்துக் கற்பூரம் காட்டினார். நான் கண்ணை இறுக்கி மூடிக் கும்பிட்டேன். பொங்கல் வைக்க வந்திருந்த வேறொரு குடும்பத்தின் குழந்தை, மூக்கொழுகிக்கொண்டு தவழ்ந்துபோய் ஒன்றை எடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை அலரி.

"அப்பாடா" என்றேன்.

"அப்பாடா" என்றார் அண்ணனும். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவர் எப்போது மனசு மாறினார்?

"ஆத்தாளே உத்தரவு குடுத்துட்டா. நாளைக்கே போய்ப் பணத்த கட்டிட்டு வந்துடலாம் மாப்ள" என்று என் கணவரின் தோளைத் தட்டினார்.

"இன்னாண்ணா சொல்ற? வெள்ள வந்திருக்குது. இங்கியே படிக்கட்டும்னுதான அர்த்தம்?"

"மாத்தட்டுமான்னு கேட்டேன், வெள்ள வந்துச்சு. அப்ப மாத்துன்னுதான அர்த்தம்?"

"நான் இங்கியே இருக்கட்டுமான்னு இல்ல கேட்டேன்!"

கோயிலில் நின்றுகொண்டு நானும் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேரும் கணவர் பக்கம் திரும்பினோம். அவர் என்ன கேட்டார் என்று தெரிந்தால் ஒரு பக்கம் சாயலாம் அல்லவா?

"நான் சும்மா கும்புட்டேன்" என்றார் அவர்.

பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாங்க இது பேஜாரு? ஆளுக்கு ஒண்ணு நெனச்சிக்கினு வந்து நின்னா ஆத்தா யாருக்குன்னு சொல்லுவா? மொதல்ல வூட்ல உக்காந்து இன்னா கேக்கிறதுன்னு பேசிட்டு வர வேணாமா?"

இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்றேன். ஒரே விஷயத்தைத் திரும்பக் கேட்டால் ஆத்தா சொன்னதை நம்பவில்லை என்றாகிவிடும், கூடவே கூடாது என்றார் பூசாரி. அண்ணன் விடவில்லை, நானும் விடவில்லை. முதலில் கண்ணை மூடியவர் யார் என்று பஞ்சாயத்து போனது. கேள்வியை எழுதவே ஒரு வாரம் எடுத்துக்கொண்ட பிள்ளைகளை நான் கேலி செய்தது அந்தச் சத்தத்தின் நடுவில் நினைவுக்கு வந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நான் அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

மகள் வெளியே குழாயடியில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். தொன்னையில் கொடுத்த பொங்கலைச் சாப்பிடாமல் வைத்திருந்தாள்.

"இன்னாம்மா வந்துச்சு?"

"வெள்ள."

"வெள்ளன்னா இன்னா?"

என் வாய் பழக்கத்தில் திறந்தது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கேக்காதம்மா. நான் இன்னா நெனைக்கிறேன்னு கேக்காத. பொங்கல்லேர்ந்து நெனச்சிக்கினுதான் கீறேன். இது நான் தேடிக் கண்டுபுடிக்கிற விஷயமாம்மா? நீங்க முடிவு பண்றது. உங்ககிட்டதான கீது. எங்க போய்த் தேடுவேன்?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதையாவது பேச வேண்டுமே என்று, லீவுக்குத் தோழி ஊருக்குப் போய்விட்டாளா என்று கேட்டேன்.

"போய்ட்டா. நாங்க பேசிக்கிறதில்ல."

"ஏன், சண்டையா?"

"நான்தான் சண்ட போட்டேன். அவ ஒண்ணும் பண்ணல. நானா போட்டேன்." அவள் தொன்னையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் போய்ட்டா அவ அழுவாம்மா. சண்டையா இருந்தா அழ மாட்டா இல்ல?"

நாங்கள் பெரியவர்கள் நான்கு மாதமாக ஆளாளுக்குக் கேள்வியைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தோம். அதற்குள் என் பெண் தனியாக உட்கார்ந்து, பிரிவதற்கு ஒத்திகை பார்த்து, இருந்த ஒரே தோழியையும் தொலைத்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு அண்ணன் மேல் கோபம் வந்தது, கணவர் மேல் வந்தது, அந்த டீ கொடுத்த ஆசிரியை மேல் வந்தது. எல்லாவற்றையும்விட என் மேல் வந்தது.

"நீ இங்கதான் படிக்கிற" என்றேன்.

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நெசமாவா? மாமா?"

"மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

போய்ச் சொன்னேன். "அந்த சீட்ட வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லுண்ணா." அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா யோசிச்சியா?" என்றார். இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, பொங்கலைக்கூடத் தொடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னும் என்னோடு முழுசாகப் பேசவில்லை. அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று என்னால் இப்போதும் சொல்ல முடியாது.

"சரி, வூட்டுக்குப் போலாமா?" என்றார் கணவர்.

"இல்லப்பா, மேல போகணும்" என்றாள் மகள். "அவ ஊருக்கு. இப்பவே."

ஞாயிற்றுக்கிழமை. ஒரு தோட்டத்தில் மோட்டார் மாட்டித் தருவதாக அவர் சொல்லியிருந்தார். இருந்தாலும் வண்டியை மலைப்பக்கம் திருப்பினார். வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியது. பாதி வழியில், செய்தது தப்போ என்று ஒரு பயம் பிடித்தது. இன்னும் கொஞ்சம் மேலே போனதும் அது விட்டது, மறுபடி பிடித்தது. தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, மகள் வழி காட்ட நடந்தோம். புளியமரம் பற்றி விசாரிக்க வந்தபோது பழகிய வழி அவளுக்கு.

அந்தத் தோழியின் வீட்டு முன்னால் பாயை விரித்துப் புளி கொட்டியிருந்தார்கள். பெண்கள் சிலர் சுற்றி உட்கார்ந்து ஓட்டைத் தட்டி, கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அவர்களோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்துவிட்டு அவளுடைய அம்மா எழுந்து, "வாங்க, வாங்க" என்று தண்ணீர் எடுக்க உள்ளே போனார். அவள் மட்டும் தலை நிமிரவில்லை. என் மகள் பாய் ஓரத்தில் போய் நின்றாள்.

"எதுக்கு வந்த?" என்றாள் தோழி, புளியைப் பார்த்துக்கொண்டே.

"நான் இங்கியேதான் படிக்கப் போறேன்."

கொட்டை எடுக்கிற கை நின்றது. "எத்தினி வருசத்துக்கு?"

என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும்.

"எட்டாவது முடியிற வரைக்கும்மா" என்றேன்.

"அப்புறம்?"

கணவர் எங்கேயோ பார்த்தார். "அப்புறம் தெரியாதும்மா" என்றேன். "நெசமாவே எங்களுக்குத் தெரியாது."

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பொய் சொல்கிறேனா என்று பார்த்திருக்க வேண்டும். அப்புறம் தன் எதிரில் குவிந்திருந்த புளியில் பாதியைக் கையால் ஒதுக்கி என் மகள் பக்கம் தள்ளினாள்.

"உக்காரு" என்றாள். "கொட்ட எடு."